எஸ்டோனியாவில் ஆசிரியர் தட்டுப்பாடு உண்டு. அது யாருக்கான தட்டுப்பாடு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்துக் கோவையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகக் கணிதம் எடுக்கிறீர்கள். கணவர் மென்பொருள் வேலையில் இருக்கிறார், ஆறு வயதில் ஒரு மகன். எஸ்டோனியாவில் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று படித்திருக்கிறீர்கள். மே மாத விடுமுறையில் ஒரு வாரம் போய் நாட்டை நோட்டம் பார்த்துவிட்டு வரலாமா, போனால் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே எனக்கு இடம் இருக்கிறதா, அதை ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் ஒரு சர்வதேசப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அதற்கு முன் மதுரையில் வேலை. இங்கே ஆள் எடுக்கும் குழுவிலும் சில வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பள்ளிக்கூடத்தின் பக்கத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். குடியேற்றச் சட்டம் என் துறை இல்லை. விசா பற்றி நான் சொல்வதை இந்த நாட்டின் காவல் மற்றும் எல்லைக் காவல் வாரியத்தின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன.

தட்டுப்பாடு பற்றி நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் வயதானவர்கள், புதிதாக வருகிறவர்கள் குறைவு. 2024 ஜனவரியில் நாடு முழுக்க ஆசிரியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், காரணம் சம்பளம். ஆனால் தட்டுப்பாடு இப்போது இவ்வளவு கூர்மையாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சோவியத் காலத்திலிருந்து இங்கே எஸ்டோனிய மொழிப் பள்ளிகள், ரஷ்ய மொழிப் பள்ளிகள் என்று இரண்டு தடங்கள் இருந்தன. 2024 செப்டம்பரில் மழலையர் பள்ளி, ஒன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று தொடங்கி, ரஷ்ய மொழித் தடம் முழுவதையும் எஸ்டோனிய மொழிக்கு மாற்றுகிறார்கள். 2029-30 கல்வியாண்டுக்குள் முடித்துவிடுவது திட்டம். அதற்குத் தேவைப்படுகிறவர்கள் எஸ்டோனிய மொழியில் சரளமாகப் பாடம் நடத்தக்கூடிய ஆசிரியர்கள். ஐரோப்பிய அளவுகோலில் அது சி1 நிலை, அதாவது தாய்மொழிக்காரருக்கு ஒரு படி கீழே. ரஷ்ய மொழி பேசுவோர் நிறைந்த நார்வா பக்கம் இப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் சம்பளமே தருகிறார்கள். அப்படியும் ஆள் கிடைக்கவில்லை.

ஆக, காலியிடம் கணிதத்தில் இருந்தாலும் தட்டுப்பாடு மொழியில் இருக்கிறது. இது புரியாமல் 'நான் கணிதம், அவர்களுக்குக் கணித ஆசிரியர் வேண்டும், அப்புறம் என்ன?' என்று விண்ணப்பிக்கிறவர்களின் கடிதங்கள் எங்களுக்கு அடிக்கடி வரும். அரசுப் பள்ளிகளுக்கும் போகிறது என்று அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். பதில் வராது. தகுதி குறைவு என்பதால் இல்லை. தலைமையாசிரியரால் சட்டப்படி எடுக்க முடியாது. தகுதியுள்ளவர் கிடைக்காதபோது தகுதி முழுமையில்லாத ஒருவரை ஒரு வருடம் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கும் மொழி வேண்டும். மொழி வாரியத்திலிருந்து ஆள் வந்து சோதிப்பதும் உண்டு.

இதை நீங்களே வீட்டிலிருந்தபடி பார்க்கலாம். சிவி கெஸ்குஸ் என்ற வேலைவாய்ப்புத் தளத்துக்குப் போய் 'மாத்தெமாத்திகா', அதாவது கணித, ஆசிரியர் விளம்பரங்களில் ஒரு பத்தைத் திறந்து, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படியுங்கள். முதுகலைப் பட்டம், ஆசிரியர் தகுதி, எஸ்டோனிய மொழி சி1 ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது இல்லாத விளம்பரம் ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் உலகம் அந்தச் சின்னக் கட்டு மட்டும்தான்.

அந்தக் கட்டில் என்ன இருக்கும்? தாலினில் சர்வதேசப் பள்ளி எஸ்டோனியா, தாலின் ஐரோப்பியப் பள்ளி, தார்த்து நகரில் தார்த்து சர்வதேசப் பள்ளி. இவை போக, ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) பிரிவு வைத்திருக்கும் உள்ளூர்ப் பள்ளிகள் ஓரிரண்டு. ஐரோப்பியப் பள்ளி வந்ததற்கு ஒரு காரணம், இயூ-லிசா என்ற ஐரோப்பிய ஒன்றிய அமைப்பின் தலைமையகம் தாலினில் இருப்பது. அதன் ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. எல்லாமே சின்னப் பள்ளிகள். மேல்நிலை வகுப்புக் கணிதத்துக்கு ஒரு பள்ளியில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். அவர்களில் ஒருவர் கிளம்பினால்தான் இடம். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 13.7 லட்சம், கோவை மாநகரை விடக் குறைவு. அதில் ஆங்கிலவழிப் பள்ளிச் சந்தை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த ஓர் இடத்துக்கு விண்ணப்பங்கள் வரும்போது மேசையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில், ஏற்கெனவே எஸ்டோனியாவில் வாழ அனுமதி உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரியும். இனவெறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகஸ்டில் வகுப்பறையில் நிற்க வேண்டிய ஆள், விசா தாமதத்தால் அக்டோபரில் வந்தால் பள்ளி என்ன செய்யும்? அடுத்து, ஐ.பி. அல்லது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் எடுத்த அனுபவம். சி.பி.எஸ்.இ. என்றால் இங்கே பலருக்கு என்னவென்றே தெரியாது. 'பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் எடுத்தேன்' என்பதை விட 'வகைநுண்கணிதம், நிகழ்தகவு, திசையன்கள் ஆகியவற்றை 17 வயது மாணவர்களுக்கு இந்த அளவு எடுத்தேன்' என்று எழுதினால் படிக்கிறவருக்குப் பிடி கிடைக்கும். மூன்றாவதாக, ஒரு பாடத்துக்கு மேல் எடுக்க முடியுமா என்று பார்ப்போம். சின்னப் பள்ளியில் கணிதத்தோடு கணினி அறிவியலும் எடுக்கிறேன் என்பவருக்குத்தான் மதிப்பு. உங்களால் முடியும் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பெரும்பாலான நியமனம் முந்தைய குளிர்காலத்திலிருந்து வசந்தத்துக்குள் முடிந்துவிடும். மே கடைசியில் வரும் கடிதம் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்கான கோப்புக்குத்தான் போகும்.

சம்பளம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசு, நகராட்சிப் பள்ளிகளில் முழுநேர ஆசிரியருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2023-இல் 1,749 யூரோ. அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் 2024-இல் 1,820 ஆனது, 2025-இலும் அதுவே நீடித்தது. பிடித்தம் போகக் கைக்கு 1,400 சொச்சம். சர்வதேசப் பள்ளிகள் தங்கள் கணக்குப்படி தருகின்றன, பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்டு. வளைகுடாப் பள்ளிகளைப் போல வீடு, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும் தொகை, தாலினில் வாடகை கட்டியதும் சாதாரணமாகிவிடும். ஒரே சம்பளத்தில் மூன்று பேர் என்றால் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புவதுதான் நோக்கம் என்றால் எஸ்டோனியா சரியான நாடு இல்லை, இதை உறுதியாகவே சொல்வேன். ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள ஒரு சின்ன ஐரோப்பிய நாடுதான் வேண்டும் என்றால் மால்டாவையும் ஒரு பார்வை பாருங்கள். அது வேறு கதை, எனக்கு அங்கே அனுபவம் இல்லை.

பிறகு ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். வேலை பார்க்கும் முறைதான் காரணம். உள்ளூர்ப் பள்ளிகளில் சட்டப்படி ஆசிரியரின் முழுநேர வாரம் 35 மணி, ஆண்டு விடுப்பு 56 நாள். மேலிருந்து ஆய்வாளர் வந்து பாடத்திட்டக் குறிப்பேட்டைப் புரட்டும் வழக்கம் கிடையாது. எதை எப்படி நடத்துவது என்பது ஆசிரியர் கையில். பதினைந்து வயது மாணவர்களை நாடுவாரியாக ஒப்பிடும் பீசா தேர்வில், 2022-இல் எஸ்டோனியப் பிள்ளைகள் கணிதத்தில் 510, அறிவியலில் 526 எடுத்து இரண்டிலும் ஐரோப்பாவில் முதலாவதாக வந்தார்கள். வாசிப்பில் 511, அதில் அயர்லாந்து முந்திவிட்டது. இந்த மதிப்பெண்ணுக்கு என்ன காரணம் என்று ஆளுக்கொரு விளக்கம் தருவார்கள்: எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொதுப்பள்ளி, இலவச மதிய உணவு, பெற்றோர் படிப்புக்குக் கொடுக்கும் மதிப்பு என்று. எதற்கு எவ்வளவு பங்கு என்பதை யாரும் அளந்து நிரூபித்ததில்லை. மதிப்பெண்ணை வைத்து 'அங்கே வகுப்பு எடுப்பது எளிது' என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

ஏனென்றால், நம் ஊரிலிருந்து வருகிற ஆசிரியரை முதலில் தடுமாற வைப்பது இங்குள்ள வகுப்பறையின் அமைதிதான். ஒரு நவம்பர் காலை, எட்டு மணி, வெளியே கும்மிருட்டு. பிள்ளைகள் கீழ்த்தளத்தில் கோட்டைக் கழற்றி மாட்டி, சேறும் பனியும் ஒட்டிய பூட்சை விட்டுவிட்டு, உள்ளே போடுவதற்கென்றே வைத்திருக்கும் செருப்புக்கு மாறி மேலே வருகிறார்கள். எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொல்வதெல்லாம் இல்லை. நீங்கள் ஒரு கணக்கைப் பலகையில் முடித்துவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்கிறீர்கள். ஒரு தலையும் அசையாது. முகத்தில் ஒன்றும் தெரியாது. புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். மூன்றாம் முறையில் பின்வரிசைப் பையன் ஒருவன் மிக மரியாதையாக, 'முதல் முறையே புரிந்துவிட்டது, அடுத்ததற்குப் போகலாமா?' என்று கேட்பான். புரியவில்லை என்றால் அதையும் நேராகச் சொல்வார்கள். கேட்காமல் பாராட்டுவது, சும்மா தலையாட்டுவது இரண்டும் பழக்கத்தில் இல்லை. சர்வதேசப் பள்ளியில் பல நாட்டுப் பிள்ளைகள் கலந்திருப்பதால் இது கொஞ்சம் தணிந்திருக்கும், ஆனால் ஊரின் சுபாவம் உள்ளேயும் வரும். ஓய்வறையிலும் அப்படித்தான். சக ஆசிரியர் உங்களோடு சாப்பிட உட்கார்ந்து பேச மாதக்கணக்கில் ஆகலாம். பேச ஆரம்பித்தவர் அப்புறம் வீடு மாற்ற வண்டியோடு வந்து நிற்பார்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். மே மாதம் வந்தால் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும், ஜூன் தொடக்கம் வரை நடக்கும். அந்த வகையில் உங்கள் விடுமுறை ஒத்துப்போகிறது. ஆனால் மே மாதத் தாலின் உங்களை ஏமாற்றிவிடும். இரவு பத்து மணி வரை வெளிச்சம், மரமெல்லாம் பூ, கடற்கரையில் கூட்டம். இந்த ஊரில் வாழ முடியுமா என்று பார்க்க வேண்டிய மாதம் நவம்பர். கடைசி வாரத்தில் சூரியன் ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் எழும், மூன்றரைக்கு அடங்கிவிடும். பனி விழுந்தால்கூட ஊர் வெளுத்து அழகாகிவிடும். நவம்பரில் பெரும்பாலும் மழை, சேறு, சாம்பல் வானம். இருட்டில் நடப்பவர் உடையில் ஒளி எதிரொலிப்பான் தொங்கவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். மகனையும் அழைத்து வந்து, எதிரொலிப்பானை மாட்டி, அந்த இருட்டில் ஒரு வாரம் பேருந்தில் அலைந்து பாருங்கள். லீவு கிடைக்காது என்றால் மே மாதமே வாருங்கள், ஆனால் பார்த்ததில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டி அக்டோபரில் வருவதாக இருந்தால் தேதி பார்த்து வாருங்கள், அந்த மாதப் பிற்பகுதியில் ஒரு வாரம் இங்கே பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. ஜூலையில் வரவே வேண்டாம், பள்ளிகளில் ஈ காக்கை இருக்காது.

வந்தால் பழைய நகரத்தில் தங்காதீர்கள். அது சுற்றுலாக்காரர்களுக்கானது, ஆசிரியர் சம்பளத்தில் அங்கே யாரும் குடியிருப்பதில்லை. முஸ்தமே, லாஸ்னமே என்ற சோவியத் காலத்து அடுக்குமாடிப் பகுதிகளில் ஒரு வாரத்துக்கு வீடு எடுங்கள். உங்களுக்கு அமையப்போகும் வீடு அங்கேதான் இருக்கும். வீட்டுக்காரரிடம் வாடகையோடு நிறுத்தாமல் ஜனவரி மாதப் பராமரிப்பு பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வெப்பமூட்டலும் சேர்ந்து வரும் அந்த பில் கோடைகால பில்லைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். கட்டடத்துக்கு வெளிச்சுவர்க் காப்பு போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களிலேயே பெரிய வித்தியாசம் வரும். பேருந்து, டிராமுக்கு மாதச் செலவு கணக்கில் சேர்க்க வேண்டாம், தாலினில் பதிவு செய்த குடியிருப்பாளர்களுக்கு 2013 முதல் இலவசம். ஒரு நாள் ரயிலேறி தார்த்து போய்வாருங்கள், இரண்டு மணி நேரம்தான். பல்கலைக்கழக ஊர், வாடகையும் தாலினை விடக் குறைவு.

பள்ளிகளுக்கு நேராகப் போய் வாசலில் நிற்காதீர்கள். உள்ளேயும் விடமாட்டார்கள், தவறான அபிப்பிராயமும் விழும். ஆறு வாரம் முன்னாலேயே, இன்ன தேதியில் ஊரில் இருப்பேன், ஒரு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கவும் கணிதத் துறைத் தலைவரோடு அரை மணி நேரம் பேசவும் முடியுமா என்று நான்கு வரியில் எழுதுங்கள். வேலை கேட்டு எழுதும் கடிதத்தை விட இதற்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். சந்தித்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கடைசியாக எப்போது ஆள் எடுத்தீர்கள், அனுமதி வேலைகளைப் பள்ளி பார்த்துக்கொள்கிறதா, ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா. முதல் கேள்விக்கு 'எடுத்ததில்லை' என்று பதில் வந்தால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதே இல்லை. சுற்றுலா விசாவில் வந்து பார்ப்பதும் பேசுவதும் சரி. சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூடப் பாடம் எடுக்கக் கூடாது.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எஸ்டோனியாவின் 'இ-ரெசிடென்சி' அட்டை வாங்கினால் அங்கே போய் வாழலாம் என்று யூடியூபில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முடியாது. 2014 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் வெளிநாட்டிலிருந்தபடி இணையவழியில் நிறுவனம் நடத்துவதற்கான அடையாள அட்டை. அதை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் நுழையவும் முடியாது, தங்கவும் முடியாது. தொலைதூர வேலைக்காரர்களுக்கென்று தனி விசா இருக்கிறது, ஆனால் அதற்கு மாத வருமானம் 4,000 யூரோவுக்கு மேல் காட்ட வேண்டும். இணையவழி டியூஷனில் அது எட்டுமா என்று பாருங்கள்.

உங்கள் நிலையில் எனக்கு அதிகம் நடக்கக்கூடியதாகத் தோன்றுவது வேறு வழி. கணவர் முதலில் வேலை தேடட்டும். இந்த நாடு மென்பொருள் ஆட்களை விரும்பி அழைக்கிறது. வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற குடியேற்ற வரம்பில்கூட அந்தத் துறைக்கு விலக்கு உண்டு. அவருடைய மனைவியாக வாழ அனுமதி பெற்று நீங்கள் வந்துவிட்டால், நான் சொன்ன அந்த முதல் பிரிவில் நல்ல பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். இடையில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பிரசவ விடுப்பு என்று பள்ளிக்கு அவசரமாக ஆள் தேவைப்படும்போது ஊரில் இருக்கிறவருக்குத்தான் அழைப்பு போகும். எனக்குத் தெரிந்த இரண்டு இந்திய ஆசிரியைகள் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது: கல்வியியலில் ஆய்வுப் படிப்பு. 2022 முதல் இங்கே புதிதாகச் சேரும் முனைவர் பட்ட மாணவர்களைப் பெரும்பாலும் இளநிலை ஆய்வாளர் என்ற பதவியில் சம்பளத்தோடு வைத்துக்கொள்கிறார்கள். தார்த்து பல்கலைக்கழகமும் தாலின் பல்கலைக்கழகமும் இதில் வலுவானவை. போட்டி கடுமை, ஆனால் வழி நேரானது.

மொழியை இப்போதே தொடங்குங்கள். 'கேலெக்லிக்' என்ற இலவச இணையவழிப் பாடம் ஆங்கிலம் வழியாகவே இருக்கிறது. பதினான்கு வேற்றுமை என்று கேட்டு எல்லாரும் மிரளுவார்கள். நமக்கு அந்த மிரட்சி தேவையில்லை. பெயரின் வாலில் உருபு ஒட்டுவது பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. தாலினில் என்பது தாலினஸ், தாலினிலிருந்து என்பது தாலினஸ்த், அவ்வளவுதான். குறில் நெடில் வித்தியாசமும் காதுக்குப் பழகியதுதான். படுத்துவது என்னவென்றால் உருபு ஒட்டும்போது சொல்லின் நடுப்பகுதியும் மாறிக்கொண்டிருக்கும், அதை மனப்பாடம் செய்யாமல் முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்கு இந்த மொழிக்கு ஒதுக்கும் நேரம் சுமார் 1,100 வகுப்பு மணி; தமிழையும் அதே கடினப் பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் சி1-க்குப் பல வருடங்கள் ஆகும். ஆனால் அதில் பாதி வந்தாலே, நியமனக் குழுவில் உட்கார்ந்திருக்கும் எஸ்டோனியரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இவர் வந்துவிட்டு ஓடிப்போகிற ஆள் இல்லை என்று நினைப்பார்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, பட்டம், பி.எட்., மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் அசல் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்கிவிடுங்கள். வேறு பல நாடுகளுக்குப் போனாலும் உதவும். எஸ்டோனியாவில் தகுதி மதிப்பீட்டு மையம் ஒவ்வொரு பட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லும். உங்கள் எம்.எஸ்சி. முதுகலையாக ஏற்கப்படும் என்றே நினைக்கிறேன், பி.எட்.-ஐ எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்வதற்கில்லை.

மகனுக்கு வருவோம். அக்டோபர் 1-க்குள் ஏழு வயது நிறைந்தால் அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. நீங்கள் வருவதற்குள் அவன் அந்த எல்லையில் நிற்பான். நகராட்சிப் பள்ளி இலவசம், ஆனால் எஸ்டோனிய மொழியில். சர்வதேசப் பள்ளியின் கட்டணத்தைச் சலுகை இல்லாமல் ஆசிரியர் சம்பளத்தில் கட்டுவது நடக்காத காரியம். ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் மொழியைப் பிடித்துக்கொள்வதை இங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பத்து வயதில் வருகிற பிள்ளைகள் படும் பாடு வேறு. ஆகவே மூன்று நான்கு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதாக இருந்தால், அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். கணவரின் துறையும் அனுபவமும் என்ன என்று எழுதினால், அந்த வழி எவ்வளவு தூரம் ஓடும் என்று அதில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை விமான டிக்கெட் போட வேண்டாம்.